மூக்கின் வழியே மூளைக்கு: அமீபா மூளைக்காய்ச்சலை நிர்ணயிப்பதும் தீர்ப்பதும்

கோடையில் குளத்திலோ ஆற்றிலோ நீந்திக் களித்த பிள்ளை ஒருவனுக்கு நாலைந்து நாளில் தாங்கொணாத தலைவலியும் கடுங்காய்ச்சலும் வாந்தியும் கண்டு, கழுத்து விறைத்து, பேச்சு தடுமாறி, அவன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும்போது, அவனது முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் கலங்கி, அதில் வெள்ளணுக்கள் மிகுந்து, சர்க்கரை குறைந்து, புரதம் ஏறியிருக்கக் கண்ட வைத்தியர், இது பாக்டீரியாவால் வந்த மூளையுறைக் காய்ச்சலே என்று முடிவு கட்டுவது இயல்பு. பெரும்பாலும் அம்முடிவு சரியாகவும் இருக்கும். ஆனால் அந்நீரில் எவ்வளவு தேடினும் பாக்டீரியா அகப்படாமல், கொடுத்த மருந்துக்கும் நோய் இணங்காமல், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பிள்ளை நினைவிழந்து மடியுமாயின், அங்கே வேறொரு சத்துரு மறைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அச்சத்துரு, வெதுவெதுப்பான நன்னீரிலும் மண்ணிலும் தன் பாட்டில் வாழ்ந்துகொண்டு, மனித உடலை நாடவேண்டிய அவசியமே இல்லாத ஒரு சூட்சும ஜீவியாகிய அமீபா.

இந்நோய் அபூர்வமானது, ஆயினும் வந்தவரைப் பெரும்பாலும் கொன்றேவிடுவது. அமெரிக்க நாட்டில் 1962 முதல் 2023 வரை இந்நோய் கண்டவர் 164 பேர். அவர்களுள் பிழைத்தவர் நால்வரே. இத்தகைய நோயைப் பற்றி எழுதுவோர் புதிய மருந்தொன்று கிடைக்காதா என்ற ஏக்கத்தோடு நின்றுவிடுவது வழக்கம். அறுபது ஆண்டுகளாகத் திரண்டுள்ள அனுபவத்தை ஒருங்கே வைத்து நோக்கினால், பிழைத்தவரையும் மாண்டவரையும் பிரித்த முதற்காரணம் மருந்தன்று, காலமே என்பதும், அந்தக் காலத்தை மிச்சப்படுத்தும் சாதனம் எளிய மைக்ராஸ்கோப்பும் விழிப்புள்ள ஒரு கண்ணுமே என்பதும் எனக்குத் திண்ணமாகத் தோன்றுகின்றன.

நோய் வெளிப்பட்ட வரலாறு

தனித்து வாழும் அமீபா மூளையைத் தாக்கக்கூடும் என்ற எண்ணம் மனித நோயாளியிடத்தில் தோன்றியதன்று. 1958-இல் அமெரிக்காவில் கிளைட் கல்பர்ட்ஸன் என்பவர், போலியோ தடுப்பூசிக்கான ஆராய்ச்சியில் வளர்த்துவந்த உயிரணுக்களிடையே தற்செயலாகப் புகுந்திருந்த அகந்தமீபாவைக் கண்டு, அதனைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, அவை மூளை அழற்சியால் இறந்தன. மனிதருக்கும் இது நேரலாமென்று அவர் எச்சரித்தார். ஏழாண்டு கழித்து, 1965-இல், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்து மருத்துவர்களான மால்கம் ஃபௌலரும் ராட்னி கார்ட்டரும் அவ்வெச்சரிக்கையை மெய்ப்பிக்கும் மரணங்களை வெளியுலகுக்கு அறிவித்தனர். அந்நோய் கண்ட போர்ட் அகஸ்டா என்னும் வறண்ட ஊருக்கு மரே நதியின் நீர் நெடுந்தூரம் தரைமீது கிடந்த குழாய்களில் வந்தது. வெயிலில் அக்குழாய்கள் காய, உள்ளிருந்த நீர் அமீபாவுக்கு உகந்த வெம்மையை அடைந்தது. 1966-இல் ஃப்ளோரிடாவின் செஸில் பட் இந்நோய்க்கு முதன்மை அமீபா மூளையுறை அழற்சி என்று பெயரிட்டார். 1970-இல் கார்ட்டர் அந்தக் கிருமிக்கு நெக்லீரியா ஃபௌலெரி என்று தம் சகாவின் பெயரையே சூட்டினார். இந்தியாவில் 1971-இலேயே கல்கத்தாவில் இரு குழந்தைகளிடம் இந்நோய் கண்டதாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே இது நேற்று வந்த விருந்தாளி அன்று.

இவ்வரலாற்றிலே நெஞ்சை அதிகம் உறுத்தும் அத்தியாயம் செக்கோஸ்லோவாக்கியாவின் ஊஸ்தி நகரத்ததாகும். அங்கே 1962-க்கும் 1965-க்கும் இடையே, வெந்நீர் நிரப்பிய உள்ளரங்க நீச்சல் குளமொன்றில் நீந்திய 16 இளைஞர்கள் அடுத்தடுத்து மாண்டனர். அக்காலத்தில் அவர்களுடைய மரணத்துக்குக் காரணம் இன்னதென்று எவருக்கும் விளங்கவில்லை. ஆஸ்திரேலியச் செய்தி வெளியான பிறகு, செர்வா, நோவாக் என்னும் ஆராய்ச்சியாளர்கள், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அவ்விளைஞர்களின் மூளைத் திசுக்களை மீண்டும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அமீபாக்கள் அங்கேயே, அத்தனை ஆண்டும், பார்ப்பாரின்றிக் கிடந்தன. குளத்துச் சுவரின் பின்னே குளோரின் எட்டாத ஒரு பொந்தில் அவை பெருகியிருந்தன என்பதும் பின்னர்த் தெரியவந்தது. தேடத் தெரியாத கண்ணுக்கு எதிரே இருப்பதும் இல்லாததாகிவிடுகிறது என்ற உண்மைக்கு இதைவிடத் துயரமான நிரூபணம் வேண்டியதில்லை.

மூவகை அமீபாக்கள்

மூளையைத் தாக்கும் தனிவாழ் அமீபாக்களில் முக்கியமானவை மூன்று. இவற்றை ஒன்றாகக் கருதிக் குழப்பிக்கொள்வதனால் நிர்ணயமும் சிகிச்சையும் இரண்டுமே பிழைபடுகின்றன.

முதலாவதான நெக்லீரியா, 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கிப் பெருகவல்லது; ஆதலால் கோடையின் தேங்கிய குளங்களும், வெந்நீர் ஊற்றுகளும், சரியாகக் குளோரின் இடாத நீச்சல் குளங்களும் அதற்கு வாசஸ்தலங்கள். அந்நீரைக் குடித்தால் நோய் வராது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதும் இல்லை. நீர் வேகமாக மூக்கினுள் ஏறும்போதுதான், அமீபா வாசனையை உணரும் மெல்லிய சவ்வில் பற்றிக்கொண்டு, வாசனை நரம்பின் இழைகளைத் தொடர்ந்து, மூக்கின் கூரையாகிய சல்லடை எலும்பின் துளைகளைக் கடந்து, மூளையின் அடிப்பாகத்தை அடைகிறது. தொற்றிய நாளிலிருந்து 1 முதல் 12 நாட்களுக்குள் நோய் தொடங்கும்; தொடங்கிய பின் ஏறத்தாழ ஐந்து நாட்களில் பெரும்பாலோர் உயிர் நீக்கின்றனர். இதற்கு இரையாவோர் பெரும்பாலும் நல்ல திடகாத்திரமான சிறுவரும் இளைஞருமே.

இரண்டாவதான அகந்தமீபா, மண்ணிலும் நீரிலும் தூசியிலும் எங்கும் நிறைந்திருப்பது. உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், எய்ட்ஸ் நோயாளர் முதலிய எதிர்ப்புச் சக்தி குன்றியோரை நுரையீரல் வழியாகவோ தோலின் புண் வழியாகவோ பற்றி, இரத்தத்தில் கலந்து மூளையை அடைந்து, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மெல்ல மெல்ல அரிப்பது இதன் இயல்பு. ஒரு கை கால் பலவீனம், வலிப்பு, குணமாறுதல் என்று இது தொடங்குவதால், மூளையில் கட்டி என்றோ காசநோய் என்றோ தவறாக எண்ணப்படுகிறது.

மூன்றாவது, பாலமுத்தியா மாண்ட்ரில்லாரிஸ். 1986-இல் கலிபோர்னியாவின் ஸான் டியாகோ மிருகப் பூங்காவில் மாண்ட்ரில் இனக் குரங்கொன்று இறந்தபோது அதன் மூளையிலிருந்து இது எடுக்கப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த கோவிந்த விஸ்வேஸ்வரர் 1993-இல் இதனை வகைப்படுத்தி, தம் ஆசானாகிய வில்லியம் பாலமுத்தின் பெயரை இட்டார். மண்ணில் வாழும் இந்த அமீபா ஆரோக்கியமானவரையும் தாக்குகிறது. பெரு நாட்டில் முகத்தின் நடுவே தோன்றும் ஆறாத தடிப்பே பல நோயாளிகளிடம் முதல் அறிகுறி. இறந்தவர் தானமளித்த சிறுநீரகத்தின் மூலம் பிறருக்கு இது பரவிய சம்பவங்களும் அமெரிக்காவில் நிகழ்ந்துள்ளன.

நோய் நிர்ணயம்

இந்நோய் நிர்ணயம் ஆரம்பமாவது பரிசோதனைச் சாலையில் அன்று, நோயாளியின் படுக்கையருகே கேட்கப்படும் கேள்வியில்தான். கடந்த இரண்டு வாரத்தில் குளத்தில், ஆற்றில், நீச்சல் குளத்தில் குளித்தாரா? நீரில் பாய்ந்தாரா? மூக்கைக் கழுவும் ஜலநேதி முதலிய பழக்கம் உண்டா? இக்கேள்வியைக் கேளாத ஆஸ்பத்திரியில் இந்நோய் இல்லாதது போலவே தோன்றும். கேள்வியைக் குளியலோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. கராச்சியில் 2008, 2009 ஆண்டுகளில் ஆகா கான் பல்கலைக்கழக மருத்துவர்கள் கண்ட 13 நோயாளிகளில், ஒருவரைத் தவிர எவருக்கும் நீச்சற் பழக்கமே இல்லை. தொழுகைக்கு முன் குழாய் நீரால் மூக்கைச் சுத்தம் செய்வதே வழியாயிருக்கலாமென்று அவர்கள் கருதினர். 2011-இல் அமெரிக்காவின் லூயிசியானாவில் இருவர், மூக்கைக் கழுவும் பாத்திரத்தில் காய்ச்சாத குழாய் நீரை ஊற்றிப் பயன்படுத்தியதால் மாண்டனர்.

அடுத்தது தண்டுவட நீரின் பரீட்சை. மூளையின் அழுத்தம் மிகுந்திருந்தால் ஊசியிடுதல் ஆபத்தாகலாம் என்பதால், அது மிகவில்லை என்று முதலில் நிச்சயித்துக்கொண்டு நீரை எடுத்தபின், அதனை ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் பார்க்கலாமென்று எண்ணுவது பெருந்தவறு. குளிரில் அமீபா அசைவற்று உருண்டுவிடும், பிறகு வெள்ளணுவிலிருந்து அதைப் பிரித்தறிதல் அரிது. எடுத்த நீரை அறையின் சாதாரண வெப்பத்திலேயே வைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் இட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடி, வெளிச்சத்தைத் தணித்து மைக்ராஸ்கோப்பில் நோக்குதல் வேண்டும். 10 முதல் 25 மைக்ரான் பருமனுள்ள அமீபா, சூழ்ந்திருக்கும் வெள்ளணுக்களைப் போலவே தோன்றும்; ஆனால் கண்ணை எடுக்காமல் சில நிமிஷம் பார்த்திருந்தால், மற்றவை நின்ற இடத்தில் நிற்க, ஒன்று மட்டும் தன் உடலின் ஒரு புறத்தை மழுங்கலாக விரல் நீட்டுவதுபோல் நீட்டி, உட்சரக்கை அதனுள் பாய்ச்சி, ஒரே திசையில் நகர்வது தெரியும். அந்த நகர்வுதான் சாட்சி. வெள்ளணுக்களை எண்ணும் சதுரக் கண்ணாடியிலே இந்த அமீபாக்களையும் சேர்த்து எண்ணிக் கணக்கெழுதிவிட்டு, நோயைக் கைநழுவ விடுவது எளிதில் நேரக்கூடிய பிழை. பாக்டீரியாவுக்குப் போடும் கிராம் சாயம் இங்கே பயன்படாது. ஜீம்ஸா சாயமிட்டால், உட்கருவின் நடுவே பெரிய திரளோடு கூடிய அதன் வடிவம் தெளிவுறும். சொட்டை வடித்த நீரில் விட்டு ஓரிரண்டு மணி நேரம் வைத்தால் நெக்லீரியா இரு சாட்டைகள் முளைத்து நீந்தத் தொடங்குவதும் அதனை அடையாளங் காட்டும் பழைய பரீட்சையே.

இவ்வளவுக்கும் மைக்ராஸ்கோப்பைத் தவிர விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உறுதி செய்ய, மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். பரிசோதனை இருக்கிறது, மூன்று அமீபாக்களையும் ஒரே ஓட்டத்தில் பிரித்துக் காட்டும் முறையும் உண்டு. ஆனால் நெக்லீரியாவில், பி.சி.ஆரின் விடை வரும்வரை மருந்தை நிறுத்தி வைப்பது தகாது. ஸ்கேன் படமும் தொடக்கத்தில் ஏமாற்றும். மூளை வீங்கிய பிறகே அதில் மாறுதல் தெரிகிறது.

அகந்தமீபா, பாலமுத்தியா இரண்டின் விஷயம் வேறு. இவை தண்டுவட நீரில் அபூர்வமாகவே அகப்படும். மூளையிலிருந்தோ தோற்புண்ணிலிருந்தோ எடுத்த சிறு திசுவில், அமீபாவும் அதன் கடினமான கூடும் சேர்ந்து காணப்படுவதே நிர்ணயம். நெக்லீரியா நோயில் மூளைத் திசுவில் கூடு காணப்படுவதில்லை என்பது இதனோடு ஒப்பிட்டு மனத்திலிருத்தத் தக்கது. அண்மைக் காலத்தில், மாதிரியிலுள்ள எல்லா மரபணுக்களையும் ஒருசேரப் படித்துவிடும் முறையினால், எவரும் நினையாதிருந்த பாலமுத்தியா சிலரிடம் வெளிப்பட்டது.

சிகிச்சை

1969-இலேயே கார்ட்டர், ஆம்போடெரிசின் பி என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்துக்கு நெக்லீரியா பணிகிறது என்று பரிசோதனைக் குழாயில் காட்டினார். அன்றுமுதல் இன்றுவரை அம்மருந்தே சிகிச்சையின் அஸ்திவாரம். இரத்த நாளத்திலும், வேண்டுமிடத்துத் தண்டுவட நீரிலும் அது செலுத்தப்படுகிறது. சிறுநீரகத்துக்குத் தீங்கு குறைந்ததென்று மற்ற நோய்களில் விரும்பப்படும் கொழுப்புப் பொதிந்த வடிவம், பரிசோதனைகளில் இந்த அமீபாவுக்கெதிராக வலிமை குறைந்ததாகக் காணப்பட்டதால், குளிர் நடுக்கமும் சிறுநீரகக் கேடும் விளைக்கும் பழைய வடிவத்தையே வைத்தியர் நாட வேண்டியிருக்கிறது. அதனோடு ஃப்ளூகோனசோல், அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின், வீக்கத்தைத் தணிக்க டெக்ஸாமெதாசோன் ஆகியவை சேர்க்கப்படுகின்றன.

இக்கூட்டணியில் புதிதாகச் சேர்ந்தது மில்டெஃபோசின். புற்றுநோய்க்கென்று ஆராயப்பட்டு, காலா அசார் நோய்க்கு வாய்வழி உட்கொள்ளும் முதல் மருந்தாக இந்தியாவில் 2002-இல் அங்கீகாரம் பெற்ற அது, அமீபாக்களையும் கொல்லவல்லது என்று பின்னர் தெரிந்தது. 2013-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் இதனைப் பெற்ற இரு குழந்தைகளின் கதி ஆராய்ச்சிக்குரியது. ஆர்கன்ஸாவைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமிக்கு அறிகுறி தோன்றி ஏறத்தாழ 30 மணி நேரத்திலேயே நோய் நிர்ணயமாகி, உடனே சிகிச்சை தொடங்கி, உடலின் வெப்பத்தைக் குறைத்து மூளையின் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தினர். அவள் பூரணமாகத் தேறிப் பள்ளிக்கூடம் திரும்பினாள். அதே கோடையில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் அதே மருந்து கிடைத்தது. ஆனால் நோய் நிர்ணயமாவதற்குள் நாட்கள் கழிந்திருந்தன. உயிர் தப்பியும் அவனது மூளைக்கு நேர்ந்த கேடு நீங்கவில்லை. இருவருக்கும் பொதுவானது மருந்து. வேறுபட்டவை காலமும், மூளை வீக்கத்தைக் கட்டுப்படுத்திய முறையும். 2016-இல் ஃப்ளோரிடாவின் ஓர்லாண்டோவில் 16 வயது இளைஞன் பிழைத்ததற்கும், பரிசோதனைச் சாலையில் உடனே அமீபாவைக் கண்டுகொண்டதும், மருந்தை விநியோகித்த நிறுவனம் அதே நகரிலிருந்ததால் சில மணி நேரத்தில் மருந்து கைக்கெட்டியதும் காரணங்கள்.

ஆயினும் பிழைத்தோர் கதைகளை வைத்து ஒரு மருந்தின் மகிமையை நிலைநாட்டிவிட முடியாது. 1978-இல் கலிபோர்னியாவில் பிழைத்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு ஆம்போடெரிசினும் மைகோனசோலும் ரிஃபாம்பிசினும் தரப்பட்டன. ஆனால் அவளிடமிருந்து எடுத்த அமீபா சற்று வீரியம் குறைந்ததாயிருக்கலாமென்று பின்னர் கருதப்பட்டது. மில்டெஃபோசின் பெற்றும் மாண்டோர் உளர். தேறியவர் வரலாறு பத்திரிகைகளில் இடம்பெறுவதுபோல் மாண்டவர் வரலாறு இடம்பெறுவதில்லை. ஒப்பிட்டு நடத்தும் பரிசோதனைகள் இந்நோயில் சாத்தியமும் அல்ல. ஆதலால் எந்த மருந்து எவ்வளவு உதவிற்று என்பது தெளிவாகாதிருக்க, சீக்கிரம் தொடங்கியதும் மூளையின் வீக்கத்தை அடக்கியதும் உதவின என்பதே அனைவரும் ஒப்பும் முடிவு.

மற்ற இரு அமீபாக்களின் சிகிச்சை மாதக்கணக்கில் நீள்வது. பென்டமிடின், சல்ஃபாடயசின், ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல், மில்டெஃபோசின் என்று பலவும் சேர்த்துத் தரப்படுகின்றன. இங்கே நம்பிக்கையூட்டும் ஒரு செய்தி உண்டு. ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஏற்கனவே புழக்கத்திலுள்ள மருந்துகளை ஒவ்வொன்றாகப் பாலமுத்தியாவின்மேல் சோதித்து, ஐரோப்பாவில் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ராக்சோலின் அதனைக் கொல்வதாக 2018-இல் அறிவித்தனர். சில ஆண்டுகளில் அம்மருந்து ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்பட்டு, அவர் பிழைத்தார்.

கேரளம் கற்பிப்பது

நமக்கு அண்டையிலுள்ள கேரளம் இவ்விஷயத்தில் இன்று உலகமே கவனிக்கும் இடமாகியிருக்கிறது. அங்கே முதல் நோயாளி 2016-இல் ஆலப்புழையில் கண்டறியப்பட்டார்; அதன்பின் 2023 வரை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. 2024-இல் அரசாங்கக் கணக்குப்படி 36 பேர் நோயுற்று, 9 பேர் இறந்தனர். 2025-இல் நோயாளர் தொகை மேலும் பெருகியது. 2024 ஜூலையில் கோழிக்கோட்டில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் தேறி வீடு திரும்பினான். ஜெர்மனியிலிருந்து மில்டெஃபோசின் வரவழைக்கப்பட்டது. நிர்ணயத்துக்கும் சிகிச்சைக்குமான நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. மூளைக்காய்ச்சல் நோயாளரின் தண்டுவட நீரில் அமீபாவையும் தேடவேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டது.

நோய் பெருகிற்றா, அல்லது கண்டுபிடிப்பு பெருகிற்றா? இரண்டும் என்பதே என் அபிப்பிராயம். வெப்பமேறும் நீர்நிலைகளும் மாசும் ஒரு பங்கு. தேடத் தொடங்கியது மறு பங்கு. மரண விகிதம் உலகக் கணக்கைவிட மிகவும் தாழ்ந்திருப்பதைக் கண்டு மகிழும்போதும் நிதானம் வேண்டும். ஏனெனில் கேரளத்து நோயாளரில் பலரிடம் காணப்பட்டது நெக்லீரியா அன்று, அகந்தமீபா. மெல்ல நடக்கும் நோயையும் விரைந்து கொல்லும் நோயையும் ஒரே தொகையில் கூட்டி, அமெரிக்காவின் நெக்லீரியாக் கணக்கோடு ஒப்பிடுதல் நியாயமாகாது. இந்த எச்சரிக்கையைக் கழித்த பின்னும், முன்பு பெயர் தெரியாமல் மடிந்திருக்கக்கூடிய பலர் இன்று உயிரோடிருக்கின்றனர் என்பது மறுக்கவொண்ணாதது.

தமிழ்நாட்டிலும் இதற்கொப்ப ஒரு நல்ல முன்மாதிரி வேறொரு துறையில் உண்டு. அகந்தமீபா கருவிழியில் ஏற்படுத்தும் புண், மேலைநாடுகளில் கான்டாக்ட் லென்ஸ் அணிவோரின் நோயாகக் கருதப்பட, நம் தென் மாவட்டத்துக் கண் ஆஸ்பத்திரிகளில், கருவிழியைச் சுரண்டியெடுத்ததைப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் இட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் எளிய வழக்கத்தினால், லென்ஸே அணியாத உழவரிடமும் அது கண்டறியப்பட்டது. கண்ணுக்குச் செய்ததை மூளைக்குச் செய்ய இயலாதா?

வருமுன் காத்தல்

தடுப்பு முறைகள் எளியவை. தேங்கிய வெந்நீரில் தலைகீழாகப் பாயாமலும், நீந்துகையில் மூக்கைப் பிடித்தோ கிளிப்பிட்டோ காத்தும், அடிச்சேற்றைக் கலக்காமலும் இருத்தல். மூக்குக் கழுவக் காய்ச்சி ஆறிய நீரையே பயன்படுத்தல். நீச்சல் குளத்திலும் ஊர்க் குழாயிலும் குளோரின் குறையாமல் பார்த்தல். கிணற்றையும் மேல்நிலைத் தொட்டியையும் காலாகாலத்தில் சுத்தஞ்செய்து பிளீச்சிங் பவுடர் இடுதல். தெற்கு ஆஸ்திரேலியா நெடுங்குழாய்களின் நீரைத் தொடர்ந்து சோதித்துக் கிருமிநீக்கம் செய்யத் தொடங்கியபின் அங்கே நோய் அடங்கியது இவற்றின் பயனுக்குச் சான்று. 2025 நவம்பரில் சபரிமலை யாத்திரிகர்களுக்குக் கேரள அரசு, ஆற்றில் நீராடும்போது மூக்கில் நீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது. தமிழகத்திலிருந்து ஆண்டுதோறும் செல்லும் திரளான பக்தர்கள் அதனைக் கடைப்பிடித்தல் அவசியம். குளத்தையே வெறுக்க வேண்டியதில்லை. கோடானுகோடி மக்கள் நீராடி யாதொரு கேடுமின்றித் திரும்புகின்றனர். பீதி வேண்டாம், பழக்கம் திருந்தினால் போதும்.

முடிவு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்தால், செய்யத்தக்க காரியங்கள் மூன்று தெளிவாகின்றன. பாக்டீரியா அகப்படாத சீழ்த்தன்மையுள்ள தண்டுவட நீர் எதுவாயினும், எடுத்த அந்த மணி நேரத்திலேயே, குளிரூட்டாமல், அசைவு தேடி மைக்ராஸ்கோப்பில் பார்க்கப்பட வேண்டும். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி தோறும் இதற்கான பயிற்சி இருக்க வேண்டும். சந்தேகம் வலுத்தவுடனே சிகிச்சையைத் தொடங்குவதற்கு, ஆம்போடெரிசினும் மில்டெஃபோசினும் ஒவ்வொரு மண்டலத்திலும் ஓரிடத்திலாவது எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும்; நோய் வந்தபின் கடல் கடந்து மருந்து தேடுவோர்க்கு இந்நோய் அவகாசம் தருவதில்லை. காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் மரணங்களில், உறவினர் சம்மதத்தோடு பிரேத பரிசோதனை நடத்தி, முடிவைப் பதிவு செய்ய வேண்டும்; ஊஸ்தியின் இளைஞர்களுக்கு நேர்ந்தது போல, மாண்ட பின்னும் மாண்டதன் காரணம் அறியப்படாமற் போவது இனி நேரலாகாது. இம்மூன்றும் செல்வ நாடுகளுக்கே உரிய ஆடம்பரங்கள் அல்ல. நம்மிடம் மைக்ராஸ்கோப்புகள் உண்டு, திறமையுள்ள பரிசோதகர் உண்டு, அண்டை மாநிலத்தார் உயிர்விலை கொடுத்துச் சேகரித்த அனுபவமும் உண்டு. இவற்றை ஒன்றுசேர்த்து அந்த முதல் மணி நேரத்தில் பயன்படுத்தும் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்வது மட்டுமே நாம் இன்னும் செய்ய வேண்டியது.